திராட்சைத் தோட்டத்துக் கூலி

சில வாரங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசையில் மத்தேயு நற்செய்தியின் 20-ஆம் அதிகாரம் வாசித்தார்கள். திராட்சைத் தோட்டத்து வேலையாட்கள் உவமை. தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தோட்டக்காரர் ஒருவர் விடியற்காலையில் போய் ஆள் பிடிக்கிறார். நாளுக்கு ஒரு தெனாரியம் என்று கூலி பேசுகிறார். (என் மனைவி வீட்டுப் பழைய பைபிளில் 'ஒரு பணம்' என்று இருக்கும்.) ஒன்பது மணிக்கும், பன்னிரண்டு மணிக்கும், மூன்று மணிக்கும் போய் மேலும் ஆள் சேர்க்கிறார். மாலை ஐந்து மணிக்குப் போனால் அப்போதும் சிலர் வேலை கிடைக்காமல் நிற்கிறார்கள். அவர்களையும் அனுப்புகிறார். ஆறு மணிக்குக் கூலி போடும்போது கடைசியாக வந்தவனுக்கும் ஒரு தெனாரியம், நாள் முழுக்க வெயிலில் வெந்தவனுக்கும் ஒரு தெனாரியம். காலை ஆட்கள் முணுமுணுக்கிறார்கள். பேசிய கூலியைத்தானே கொடுத்தேன், என் பொருளை என் விருப்பம்போல் கொடுக்க எனக்கு உரிமை இல்லையா என்று தோட்டக்காரர் கேட்கிறார்.

அன்று மதியம் மச்சான் சாப்பிட வந்திருந்தார். என் மனைவியின் அண்ணன். அவர்கள் சி.எஸ்.ஐ. குடும்பம், நான் கத்தோலிக்கன். ஐம்பது வருடமாக இந்த ஒரு விஷயத்தில் மட்டும் யாரும் யாரையும் மாற்ற முயன்றதில்லை. மச்சான் கணபதியில் லேத் பட்டறை வைத்திருப்பவர், எட்டுப் பேர் வேலை செய்கிறார்கள். உவமையைப் பற்றிப் பேச்சு வந்ததும் அவர் சொன்னார்: "இதுல என்னங் மாப்ள பிரசங்கம் பண்ண இருக்குது? பேசுன கூலி குடுத்தாச்சு. அப்பறம் அடுத்தவனுக்கு எவ்வளவு குடுத்தா இவனுக்கென்ன? அவங் காசு, அவன் இஷ்டம்."

மாடியில் குடியிருப்பவர் ஓய்வுபெற்ற மில் தொழிலாளி. அவரும் அப்போது வந்து உட்கார்ந்திருந்தார். அவர் கிறிஸ்தவர் அல்ல, ஆனாலும் கேட்டார்: "அஞ்சு மணிக்கு வந்தவனுக்கும் ராத்திரி வயிறு பசிக்குமில்லீங்க?"

ஒரே கதை. ஒருவர் காதில் ஒப்பந்தமும் சொத்துரிமையும் விழுந்தன, மற்றவர் காதில் வயிற்றுப்பாடு விழுந்தது. சந்தையைச் சந்தைப் போக்கில் விடுவதா, கூடாதா என்ற சண்டையில் பைபிளை இரண்டு தரப்பும் இப்படித்தான் இழுத்துக்கொண்டு வந்திருக்கின்றன. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நடந்தது பலருக்குத் தெரியும். நம் ஊரில் நடந்தது அதிகம் பேருக்குத் தெரியாது. அதைப் பற்றித்தான் இன்று எழுத உட்கார்ந்தேன்.

முதலில் இந்த உவமை கொங்குநாட்டுக்கு வந்து சேர்ந்த வழியைச் சொல்கிறேன். 1860-இல் ஜான் ரஸ்கின் என்ற ஆங்கிலேயர் லண்டன் மாதப் பத்திரிகை ஒன்றில் நான்கு கட்டுரைகள் எழுதினார். அன்றைய பொருளாதார அறிஞர்கள் கூலியை வெறும் சந்தைச் சரக்குபோல் பேசியதைக் கண்டித்து எழுதியவை. வாசகர்கள் கொதித்துப்போனதால் நான்கோடு நிறுத்திவிட்டார்கள். 1862-இல் அவை புத்தகமாக வந்தபோது பெயர் 'அன்டூ திஸ் லாஸ்ட்'. அந்தப் பெயர் இதே உவமையிலிருந்து எடுத்தது. கடைசியாக வந்த இந்த ஆளுக்கும் என்று தோட்டக்காரர் சொல்லும் இடம். 1904-இல் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து டர்பன் போகும் ரயிலில் காந்தி அதைப் படித்தார், இரவெல்லாம் தூங்கவில்லை. 1908-இல் குஜராத்தியில் அதன் சாரத்தை எழுதியபோது வைத்த பெயர் 'சர்வோதய'.

கோவை, திருப்பூர், ஈரோடு எங்கும் பார்க்கிறோமே, 'சர்வோதய சங்கம்' என்ற பெயர்ப்பலகை? அந்தச் சொல்லுக்கு வேர் இதுதான். 1925-இல் அகில பாரத சர்க்கா சங்கம் தொடங்கியபோது தமிழ்நாட்டுக் கிளை திருப்பூரில்தான் அமைந்தது. அதே வருடம் திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் புதுப்பாளையத்தில் ரத்தினசபாபதிக் கவுண்டர் கொடுத்த நிலத்தில் ராஜாஜி காந்தி ஆசிரமம் தொடங்கினார். நாம் தள்ளுபடி சீசனில் வாங்கும் கதர்த் துண்டுக்குப் பின்னால் ஒரு திராட்சைத் தோட்டம் இருக்கிறது என்று கடைக்காரரிடம் சொன்னால் சிரிப்பார்.

இனி ஜே.சி. குமரப்பா. இவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை. நம் தலைமுறையே மறந்துவிட்ட மனிதர்.

1892 ஜனவரி 4-ஆம் தேதி தஞ்சாவூரில் பிறந்தவர். ஞானஸ்நானப் பெயர் ஜோசப் செல்லத்துரை கொர்னேலியஸ். வசதியான புராட்டஸ்டண்ட் குடும்பம். லண்டனில் கணக்குத் தணிக்கை படித்துப் பம்பாயில் தொழில் செய்தார். மேல்நாட்டு உடை, மேல்நாட்டுப் பழக்கம். அமெரிக்காவுக்குப் போய் சிரகியூஸ் பல்கலைக்கழகத்தில் வணிக நிர்வாகமும், பிறகு கொலம்பியாவில் பொது நிதியும் படித்தார். அங்கே இருக்கும்போது ஒரு தேவாலயத்தில், இந்தியா ஏன் ஏழையாக இருக்கிறது என்று பேசினார். அந்தப் பேச்சு செய்தித்தாளில் வந்தது. அதைப் பார்த்த பேராசிரியர் செலிக்மன், ஆய்வையே அந்தப் பக்கம் திருப்பச் சொன்னார். பிரிட்டிஷ் அரசின் வரவு செலவுக் கணக்குகளைத் தணிக்கைக்காரர் கண்ணோடு பார்த்தபோது மனிதர் ஆடிப்போனார். கணக்குப் பிள்ளைக்குக் கிடைக்கும் ஞானோதயம் எப்போதும் பேரேட்டிலிருந்துதான் வரும், என் அனுபவமும் அதுதான்.

ஆய்வை எடுத்துக்கொண்டு 1929 மே மாதம் சபர்மதிக்குப் போனார். மரத்தடியில், சாணம் மெழுகிய தரையில் ஒரு கிழவர் உட்கார்ந்து நூற்றுக்கொண்டிருந்தார். இன்னும் நேரம் இருக்கிறதே என்று இவர் கைத்தடியை ஊன்றிக்கொண்டு வேடிக்கை பார்த்தாராம். கிழவர் இடுப்பிலிருந்து கடிகாரத்தை எடுத்துப் பார்த்துவிட்டு, நீங்கள்தான் குமரப்பாவா என்றார். பட்டுச் சூட்டு கசங்குமே என்று தயங்கியவர், பிறகு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். எழுந்திருக்கவில்லை என்றே சொல்லலாம். தாத்தாவின் பெயரான குமரப்பாவை மீண்டும் எடுத்துக்கொண்டார். ஆய்வு 'யங் இந்தியா'வில் தொடராக வந்தது. குஜராத்தில் மாதர் தாலுகாவில் மாணவர்களோடு வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்தார். 1934-இல் கிராமக் கைத்தொழில் சங்கம் தொடங்கியதும் வார்தாவில் அதை நடத்தும் பொறுப்பு அவருக்கு.

கிறிஸ்தவத்தை விட்டுவிட்டுக் காந்தியிடம் போனவர் என்று சிலர் நினைக்கிறார்கள். அது தவறு. 1930-இல் கல்கத்தா பேராயர் வெஸ்ட்காட் சட்டமறுப்பு கிறிஸ்தவத்துக்கு ஒவ்வாது என்ற நிலை எடுத்தபோது, பைபிளைக் கையில் வைத்துக்கொண்டுதான் குமரப்பா அவரோடு வாதாடினார். 1942 போராட்டத்தை ஒட்டி ஜபல்பூர் சிறையில் இருந்த காலத்தில் இரண்டு நூல்களை எழுதினார். ஒன்று 'எகானமி ஆஃப் பெர்மனன்ஸ்', மற்றொன்று இயேசுவின் நடைமுறையையும் போதனையையும் பற்றியது. இரண்டாவதற்குக் காந்தி முன்னுரை எழுதி, கிராமக் கைத்தொழில் டாக்டருக்கு இறையியல் டாக்டர் பட்டமும் சேர்ந்துவிட்டது என்று வேடிக்கையாகப் பாராட்டினார்.

முதல் நூலில் குமரப்பா பொருளாதாரத்தை ஐந்து படிகளாகப் பிரிக்கிறார். ஆட்டைக் கொன்று தின்னும் புலி முதல் படி. மரத்தை விட்டுவிட்டுப் பழத்தை மட்டும் பறித்துப் போகும் குரங்கு இரண்டாவது. தானே உழைத்துக் கூடு கட்டும் தூக்கணாங்குருவி மூன்றாவது. கூட்டத்துக்காகத் தேன் சேர்க்கும் தேனீ நான்காவது. கூலி எதிர்பார்க்காமல் குஞ்சுக்கு இரை ஊட்டும் தாய்ப்பறவை ஐந்தாவது. கட்டற்ற போட்டிச் சந்தை, லாபத்துக்காகப் பெரிய ஆலைகள், அவற்றுக்குச் சரக்கும் சந்தையும் பிடிக்க நடக்கும் போர்கள், இவையெல்லாம் அவர் கணக்கில் புலியும் குரங்கும். தேவனுடைய ராஜ்யத்தைத் தாய்ப்பறவையின் இடத்தில் வைத்தார் என்று நான் புரிந்துகொள்கிறேன்.

இதைப் படித்துவிட்டுக் கனவு காண்பவர் என்று நினைத்துவிடக் கூடாது. நடைமுறை விவரத்தில் ஆள் கெட்டி. பாலிஷ் போட்ட அரிசி சத்தையும் கெடுக்கிறது, குத்துகிற பெண்களின் கூலியையும் பறிக்கிறது என்று அரிசி ஆலைகளை எதிர்த்தார். நல்ல நிலத்தைக் கரும்புக்குக் கொடுத்துச் சர்க்கரை ஆலை வைப்பதைவிட, தரிசில் தானாக வளரும் பனையிலிருந்து வெல்லம் எடுங்கள் என்றார். இன்று நம் பேரப்பிள்ளைகள் கைக்குத்தல் அரிசியையும் பனை வெல்லத்தையும் ஆர்கானிக் கடையில் மூன்று மடங்கு விலைக்கு வாங்குகிறார்கள். குமரப்பா சொன்ன பொருள் சந்தைக்கு வந்துவிட்டது, குத்துகிற பெண்ணுக்குக் கூலி கூடியதா என்பது வேறு கேள்வி.

இங்கே என் பள்ளிக்கூடத்துக்குக் கொஞ்சம் போய்வருகிறேன். நான் புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். 'லெஸ்ஸே ஃபேர்' என்ற சொல்லை எங்கள் சரித்திர ஆசிரியர் ஒரு கதையோடு சொல்லிக் கொடுத்தார். பதினான்காம் லூயியின் மந்திரி கொல்பேர் வியாபாரிகளைக் கூப்பிட்டு, உங்களுக்கு நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டாராம். எங்களை எங்கள் போக்கில் விடுங்கள் என்றாராம் ஒரு வியாபாரி. கதை நிஜமோ பொய்யோ, வேடிக்கை என்னவென்றால் அதே கொல்பேர் 1664-இல் ஏகபோக உரிமை கொடுத்து உண்டாக்கிய கிழக்கிந்தியக் கம்பெனியின் பிள்ளைதான் எங்கள் ஊர். 1769-இல் அந்த ஏகபோகம் நிறுத்தி வைக்கப்பட்டது. அதை எதிர்த்து அறிக்கை எழுதியவர் மொரெல்லே, ஒரு 'அபே', அதாவது குருப்பட்டம் பெற்றவர். சுதந்திர வணிகத்துக்காகப் பாதிரி உடையில் ஒருவர் வாதாடியது எங்கள் கடைத்தெருவின் தலைவிதியையே மாற்றியது.

வட்டி விஷயத்திலும் இப்படித்தான். ஏழைக்குக் கொடுத்த கடனில் வட்டி வாங்காதே என்று யாத்திராகமம் சொல்கிறது. ஏழாம் வருடம் கடனை விட்டுவிடு என்று உபாகமம். ஐம்பதாவது வருடம் விற்ற நிலம் பழைய குடும்பத்துக்கே திரும்ப வேண்டும் என்று லேவியராகமம். நெகேமியா அடகு வைத்த வயல்களைத் திருப்பிக் கொடுக்க வைக்கிறார். ஆனால் தாலந்து உவமையில் எஜமான், என் பணத்தை வட்டிக்காவது போட்டிருக்கலாமே என்று ஊழியனைத் திட்டுகிறார். 1545-இல் கால்வின், எல்லா வட்டியும் பாவமல்ல என்று ஒரு கடிதத்தில் வழிவிட்டார். ரோமாபுரி அதற்கு இருநூறு வருடம் கழித்தும், 1745-இல், கடனுக்காகவே வாங்கும் லாபம் தவறு என்று சொல்லிக்கொண்டிருந்தது. ஆக, என் மச்சான் வீட்டு முன்னோர் பேங்கில் பணம் போடலாம், என் முன்னோர் போடக்கூடாது என்று அவர் கிண்டல் செய்வார்.

கொங்குநாட்டில் வட்டி என்பது வேத வியாக்கியானம் அல்ல. மழையில்லாத சீமை, கிணறு வெட்டித்தான் வெள்ளாமை. கிணறு வெட்டக் கடன், கவலை இறைக்க மாடு வாங்கக் கடன், தண்ணீர் வராவிட்டால் ஆழப்படுத்தக் கடன். 1930-களில் விளைபொருள் விலை விழுந்தபோது வட்டி அசலைத் தின்றுவிட்டது. அப்போதுதான் ராஜாஜி பிரதமராக இருந்து 1938-இல் சென்னை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் கொண்டுவந்தார். 1932 அக்டோபருக்கு முன் வாங்கிய கடனில் 1937 அக்டோபர் 1 வரை நின்ற வட்டி முழுக்கத் தள்ளுபடி. அசலுக்கு இரண்டு மடங்கு ஏற்கெனவே கட்டியிருந்தால் கடனே தீர்ந்தது. பிராமணர் ஒருவர் சட்டசபையில் உபாகமத்தை நிறைவேற்றினார் என்று நான் சொன்னால் சிலருக்குக் கோபம் வரலாம். நம் பழைய தர்மசாஸ்திரத்திலும் அசலுக்கு இரு மடங்குக்கு மேல் வாங்காதே என்ற விதி உண்டு, அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

அதே ராஜாஜிதான் 1952 ஜூனில், முதல்வராகி இரண்டு மாதத்தில், அரிசிக் கட்டுப்பாட்டையும் ரேஷனையும் எடுத்தார். ஊரே பட்டினி கிடக்கும் என்று பயந்தார்கள், அப்படி ஒன்றும் ஆகவில்லை. பதுங்கியிருந்த நெல் வெளியே வந்தது. கடன்காரனிடமிருந்து குடியானவனைக் காப்பாற்ற அரசைக் கூப்பிட்ட அதே கை, குடியானவனிடமிருந்து அரசை விலக்கியது. இதில் முரண்பாடு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இப்போது இரண்டாவது தமிழ்க் கிறிஸ்தவர். எம். ரத்தினசாமி, முழுப் பெயர் மரியதாஸ் ரத்தினசாமி. 1885-இல் சென்னையில் பிறந்த கத்தோலிக்கர். கேம்பிரிட்ஜில் படித்த பாரிஸ்டர். 1920-களில் சென்னைச் சட்டசபையின் தலைவர், பச்சையப்பன் கல்லூரி முதல்வர், சட்டக் கல்லூரி முதல்வர், பிறகு பல வருடம் பப்ளிக் சர்வீஸ் கமிஷன் உறுப்பினர், 1942 முதல் 1948 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். அரசு இயந்திரம் எப்படி ஓடும் என்பதை உள்ளே இருந்து பார்த்தவர், நிர்வாகத்தைப் பற்றிப் புத்தகங்களே எழுதியவர். அப்படிப்பட்டவர் எழுபது வயதைத் தாண்டிய பிறகு, அரசின் கையைக் குறைக்க வேண்டும் என்று ராஜாஜியோடு சுதந்திராக் கட்சியில் சேர்ந்தார். 1962 முதல் 1968 வரை மாநிலங்களவையில் இருந்தார். 1977-இல் காலமானார்.

கட்சி பிறந்த கதை நம் வாசகர்களுக்கு நினைவிருக்கும். 1959 ஜனவரியில் நாக்பூர் காங்கிரஸ் கூட்டுப்பண்ணை விவசாயத்துக்குத் தீர்மானம் போட்டது. ஜூனில் சென்னையில் சுதந்திராக் கட்சி அறிவிக்கப்பட்டது, ராஜாஜிக்கு அப்போது எண்பது. என்.ஜி. ரங்கா தலைவர். 'பெர்மிட், லைசென்ஸ், கோட்டா ராஜ்யம்' என்ற சொற்றொடரை ராஜாஜி ஊரெல்லாம் பரப்பினார்.

பலர் கவனிக்காத ஒன்று இங்கே இருக்கிறது. கூட்டுப்பண்ணை யோசனை 1959-இல் வானத்திலிருந்து விழவில்லை. அதற்குப் பத்து வருடம் முன்னால், 1949-இல், காங்கிரஸ் நிலச்சீர்திருத்தக் குழு ஓர் அறிக்கை கொடுத்தது. நில உடைமைக்கு உச்சவரம்பு வேண்டும், மிகச் சிறிய துண்டு நிலங்களைக் கூட்டாகச் சேர்த்துப் பயிரிட வேண்டும் என்றது. அந்தக் குழுவின் தலைவர் வேறு யாருமல்ல, நம் குமரப்பாதான். ரங்காவும் அதில் உறுப்பினர், அந்தப் பரிந்துரைகளோடு அவர் ஒத்துப்போகவில்லை. ஆகப் பத்து வருடம் கழித்து நடந்த சண்டையின் முதல் சுற்று அந்தக் குழுவுக்குள்ளேயே நடந்துவிட்டது.

பைபிளில் இதற்கு இரண்டு பக்கமும் சாட்சி உண்டு. நிலம் கடவுளுடையது, நீங்கள் அதில் தங்க வந்தவர்கள் என்று லேவியராகமம் 25 சொல்கிறது. குமரப்பாவின் அறிக்கையைப் படிக்கும்போது எனக்கு அந்த அதிகாரம்தான் நினைவுக்கு வருகிறது. மறுபக்கம் நாபோத்தின் கதை. ராஜா ஆகாப் நல்ல விலையும், வேறு தோட்டமும் கொடுக்கிறேன் என்கிறான், நாபோத் பாட்டன் சொத்தைத் தரமாட்டேன் என்கிறான். ராஜ்யத்தின் பெயரால் அவனைக் கல்லெறிந்து கொன்று தோட்டத்தைப் பிடுங்குகிறார்கள், தீர்க்கதரிசி எலியா ராஜாவைச் சபிக்கிறார். 1 சாமுவேல் 8-ஆம் அதிகாரத்திலோ, ராஜா வேண்டும் என்று கேட்கும் மக்களிடம், அவன் உங்கள் வயலையும் பிள்ளைகளையும் தானியத்தில் பத்தில் ஒரு பங்கையும் எடுப்பான் என்று எச்சரிக்கிறார்கள். பத்து சதவீதத்தோடு நின்ற அந்த ராஜாவை நினைத்து வரி கட்டும் மச்சான் பெருமூச்சு விடுவார்.

ரத்தினசாமியைப் போன்ற கத்தோலிக்கர்களுக்குப் பின்புலமாக 1891-இல் போப் பதின்மூன்றாம் லியோ எழுதிய சுற்றுமடல் இருந்தது. தனிச்சொத்து மனிதனின் இயல்பான உரிமை, அதை ஒழிக்கக் கூடாது என்றது அது. அதே மூச்சில், தொழிலாளி சம்மதித்தான் என்பதற்காக எந்தக் கூலியும் நியாயமாகிவிடாது, குடும்பம் பிழைக்கும் அளவு இருக்க வேண்டும் என்றும் சொன்னது. முதலாளிகள் முதல் பாதியைப் படித்தார்கள், சங்கத்தார் இரண்டாவது பாதியைப் படித்தார்கள். 1931-இல் வந்த அடுத்த மடல், குடும்பமும் ஊரும் செய்யக்கூடியதை மேலே இருக்கும் அரசு பிடுங்கிக்கொள்ளக் கூடாது என்ற கொள்கையைச் சேர்த்தது. இதைப் படிக்கும்போது குமரப்பாவின் கிராமம் எனக்கு நினைவுக்கு வராமல் இல்லை. சுதந்திராக் கட்சியின் 21 கொள்கைகளிலும் காந்தியின் தர்மகர்த்தா முறை இடம்பெற்றது. எதிரெதிர் வரிசையில் நின்றவர்கள் பயந்தது ஒரே பூதத்துக்குத்தான்: எங்கோ உட்கார்ந்துகொண்டு மற்றவன் கையிலிருக்கும் வேலையைத் தீர்மானிக்கிற பெரிய சக்தி. அது குமரப்பாவுக்கு ஆலை முதலாளியாகத் தெரிந்தது, ரத்தினசாமிக்கு டெல்லியாகத் தெரிந்தது.

கோவைக்காரருக்கு இந்த இரண்டுமே தெரியும். 1888-இல் இங்கே முதல் நூற்பாலையைத் தொடங்கிய ராபர்ட் ஸ்டேன்ஸ் பக்தியுள்ள கிறிஸ்தவர், அதற்கு முன்பே 1862-இல் பள்ளிக்கூடம் தொடங்கியவர். பைபிளும் மில்லும் ஒரே கையில் வந்த ஊர் இது. 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு மில்கள் பெருகின, கூடவே வேலைநிறுத்தங்களும் துப்பாக்கிச் சூடுகளும் வந்தன. 1946 ஜனவரி 8-இல் சின்னியம்பாளையம் தொழிலாளர் நால்வரைத் தூக்கிலிட்டதைச் சொல்லும்போது மாடி வீட்டுக்காரர் குரல் இன்றும் தழுதழுக்கும்.

டெல்லிப் பூதத்தின் விரல் நகம் ஒன்றாக இருந்தவன் நான். உரிமம் கொடுக்கும் அலுவலகம் ஒன்றில் குமாஸ்தா, எது என்று வேண்டாம். 1970-களில் ஒருநாள் சிறு தொழில் நடத்தும் ஒருவர் வந்தார். பட்டறைக்குள் ஒரு சுவரை இடித்துவிட்டு வேறு இடத்தில் கட்டியிருந்தார். உரிமத்தோடு கொடுத்த வரைபடத்தில் பழைய சுவர்தான் இருந்தது. வரைபடத்தைத் திருத்தி மூன்று பிரதி கொடுத்தார். நான் குறிப்பு எழுதி மேலே அனுப்ப வேண்டும். காய்ச்சல், திருவிழா, ஆடிட் என்று அந்தக் கோப்பு என் மேஜையிலேயே பதினேழு நாள் கிடந்தது. பிறகு மேலே இரண்டு மாதம். அவர் ஒவ்வொரு வாரமும் வந்து, என் மேஜைக்கு எதிரே இருந்த பெஞ்சில் மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சீக்கிரம் முடியுங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை, லஞ்சமும் நீட்டியதில்லை. கடைசியாக வந்தபோது, பெரிய ஆர்டர் ஒன்று கைவிட்டுப் போச்சுங்க சார், ரெண்டு பசங்கள நிறுத்திட்டேன் என்று மட்டும் சொன்னார். நான் கெட்டவன் அல்ல, சோம்பேறியும் அல்ல. ஆனாலும் ஐந்து மணிக்குச் சந்தையில் வேலையில்லாமல் நின்ற இரண்டு பேரை நிறுத்தியவன் நான்தான். ராஜாஜியின் சொற்றொடரைக் கேட்டால் எனக்கு அந்த பெஞ்சுதான் ஞாபகம் வரும்.

என் தீர்ப்பைக் கேட்டால், கேள்வியில் குமரப்பா சரி, விடையில் பாதிதான். இயந்திரத்தைப் பற்றிய பயத்தில், சின்ன லேத்தும் ஒற்றை நிட்டிங் மெஷினும் ஒரு குடியானவன் மகனைத் தூக்கணாங்குருவி ஆக்கும் என்பதை அவர் போதுமான அளவு பார்க்கவில்லை. திருப்பூர் கதரால் வளரவில்லை, பனியனால் வளர்ந்தது. ரத்தினசாமி தரப்பு குமாஸ்தாவைக் கண்டுபிடித்தது சரி. கந்துவட்டிக்காரனைக் கண்டுபிடிக்கவில்லை. உரிமங்கள் தளர்ந்து எவ்வளவோ வருடமான பின், 2003-இல், கந்துவட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது. பட்டறை வைத்திருக்கும் மச்சானே ஒருமுறை வார வட்டியில் மாட்டி, தங்கச்சி நகையை அடகு வைத்துத்தான் வெளியே வந்தார்.

குமரப்பா கடைசி வருடங்களை மதுரைப் பக்கம் டி. கல்லுப்பட்டி காந்தி நிகேதனில் கழித்தார். 1960 ஜனவரி 30-ஆம் தேதி, காந்தி இறந்த அதே தேதியில் காலமானார். ராஜாஜி போனது 1972-இல், கிறிஸ்துமஸ் அன்று. சுதந்திராக் கட்சி 1974-இல் வேறு கட்சியோடு கலந்துபோனது.

ஞாயிறு மதியத்துக்கு வருகிறேன். மச்சான் அவங் காசு அவன் இஷ்டம் என்று சொல்லிக் கை கழுவ எழுந்ததும், என் மனைவி உள்ளிருந்து, "அப்ப கொரோனாவுல நீ பண்ணுனதச் சொல்லுண்ணா" என்றாள். எனக்கு அது தெரியாது. 2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தபோது பட்டறையில் எட்டுப் பேர். அதில் பீகார்ப் பையன் ஒருவன் வேலைக்குச் சேர்ந்து பத்து நாள்கூட ஆகவில்லை. பட்டறை இரண்டு மாதம் பூட்டிக் கிடந்தது. மச்சான் எட்டுப் பேருக்கும் ஒரே அளவு, பாதிச் சம்பளமும் அரிசியும் கொடுத்திருக்கிறார். இருபது வருடமாக இருக்கும் டர்னர் வந்து, நேத்து வந்தவனுக்கும் எனக்கும் ஒரே கணக்காங்க முதலாளி என்று சண்டை போட்டிருக்கிறார்.

"நீங்க என்ன சொன்னீங்க மச்சான்?" என்று கேட்டேன்.

துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "என்னத்தச் சொல்ல? எங் காசு, என் இஷ்டம்னேன்."